ஈஸ்வரி எடுக்காத பெயர்

எங்கள் கும்மிடிப்பூண்டி ஆபீசில் யாருக்கு எது வேண்டுமானாலும் முதலில் ஈஸ்வரியைத்தான் கேட்போம். மேனேஜரும் அப்படித்தான். கேட் சாவி, டீசல் பில், புது ஆளுக்கு ஹெல்மெட், பழைய ஆளின் பிறந்த நாளுக்குக் கேக், எல்லாமே அவள் கையைத் தொட்டுத்தான் போகும். பதவி என்னவென்று கேட்டால், கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஆபீஸ் அசிஸ்டென்ட், கான்ட்ராக்ட்' என்று இருக்கும். அந்தக் கான்ட்ராக்டை வருடா வருடம் ஜூன் மாதம் புதுப்பிப்பார்கள். அதனால் ஒவ்வொரு மே மாதமும் அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்காது. கணவன் அன்புராஜ் இரும்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். வீடு எளாவூரில். பெண் அங்கேயே பத்தாவது படிக்கிறாள். இரண்டு சம்பளம் வந்தால்தான் அந்த வீடு ஓடும்.

நான் சுப்பிரமணி. அதே ஆபீசில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. கேபிள் சுருள், பைப், கயிறு, மழைக்கோட்டு என்று எது போனாலும் வந்தாலும் நான் பார்த்துத்தான் அனுப்புவேன். எனக்கு முன்கோபம் என்று ஊருக்கே தெரியும். ஈஸ்வரியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கும் கோபம்தான் காரணம். அவளாக யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நானாவது சொல்லி வைக்கிறேன்.

எங்களுடையது தொலைத்தொடர்புக் கம்பெனி. மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் செல்போன் டவர்களுக்கும், சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைகளுக்கும் மண்ணுக்கடியில் ஃபைபர் லைன் போட்டு வைத்திருக்கிறோம். போட்டது ஒரு காலம். இப்போது முக்கால்வாசி வேலை, அறுந்ததை ஒட்டுவது. சாலை போடுகிறவன் தோண்டுவான், கால்வாய் வெட்டுகிறவன் தோண்டுவான், குடிநீர்க் குழாய்க்காரன் தோண்டுவான். எவன் தோண்டினாலும் எங்கள் லைன்தான் முதலில் அவன் கையில் வரும்.

எங்கே அறுந்தாலும் முதலில் சேதி வருவது 'கும்மிடி ரூட்' என்ற வாட்ஸ்ஆப் குரூப்பில். அதை ஆரம்பித்த மேனேஜர் எப்போதோ மாற்றலாகிப் போகும்போது ஈஸ்வரி கையில் விட்டுப் போனார். அவள் ஒருத்திதான் அட்மின். இன்ஜினியர்கள், லைன் ஒட்டும் கான்ட்ராக்ட் பையன்கள், டவர் வாட்ச்மேன்கள், டீசல் வண்டி டிரைவர் என்று ஏகப்பட்ட பேர் அதில் இருக்கிறார்கள். யார் எந்த ஊர், யார் நேரடி ஆள், யார் கான்ட்ராக்ட் என்பதெல்லாம் ஈஸ்வரிக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே கும்பல்.

போன வருடம் மார்ச்சில் இன்ஜினியர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஹெச்.ஆர். அம்மா ஒருவர் வீடியோ கால் போட்டு, கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு ஒரு தாளைப் படித்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வேலை குறைந்துவிட்டதாம். அந்த வாரம்தான் கவரைப்பேட்டையில் இரண்டு இடத்தில் லைன் அறுந்து எங்கள் பையன்கள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்கள்.

அப்போதிருந்த மேனேஜர், போனவர்களிடமிருந்து லேப்டாப், அடையாள அட்டை, பெட்ரோல் கார்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுக் குரூப்பிலிருந்தும் அவர்களை எடுத்துவிடும்படி ஈஸ்வரியிடம் சொன்னார். வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கி என்னிடம் கொடுத்தாள். குரூப்பில் மட்டும் கை வைக்கவில்லை. அடுத்த மாதமே அந்த மேனேஜரையும் அனுப்பிவிட்டார்கள். எடுத்தாயா என்று கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

அவள் ஏன் கை வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, காலமாகியிருந்தார். ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை எடுக்க இ-சேவை மையத்துக்குப் போய் வந்தாள். வந்த அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் பெயர் நீக்கம் என்ற இடத்தை அழுத்தியதும், அத்தனை வருடம் வீட்டில் இருந்த மனிதர் ஒரு நொடியில் காணாமல் போனார் என்று சொன்னாள். அந்த வேலையை இன்னொரு தடவை, அதுவும் கண்ணெதிரே நடமாடும் ஆட்களுக்குச் செய்ய அவளால் முடியவில்லை. தவிர, வாட்ஸ்ஆப்பில் ஒருவர் தானாக வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். நாம் எடுத்தால், இன்னாரை இன்னார் எடுத்தார் என்று குரூப் முழுக்கத் தெரியும். அவர்களாகவே கௌரவமாகப் போய்விடட்டும் என்று விட்டுவிட்டாள்.

போனார்கள். ஒருவர் கோபத்தில் முதல் வாரமே போனார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்ததும் இன்னும் சிலர் போனார்கள். ராபின் மட்டும் போகவில்லை.

ராபினுக்குச் சொந்த ஊர் மீஞ்சூர். இந்த ரூட்டில் பள்ளம் தோண்டிய நாளிலிருந்து இருந்தவர். வேலை போன பிறகு மச்சான் வைத்திருந்த வாட்டர் கேன் வியாபாரத்தில் சேர்ந்து, குட்டி யானை வண்டியில் வீடு வீடாகத் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் குரூப்பில் ஒரு வார்த்தை இல்லை. மழைக்காலத்தில் பொன்னேரி ரயில்வே கேட் பக்கம் லைன் போய், எங்கள் ஆட்கள் ஏரிக்கரைக்கும் கேட்டுக்கும் நடையாய் நடந்தபோது, திடீரென்று ராபினின் குரல் வந்தது. கேட்டுக்குத் தெற்கே பழைய சுங்கச்சாவடிச் சுவர் ஓரம் கேபிள் குழியின் மூடி ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள் என்று. திறந்தார்கள், கிடைத்தது. எல்லாரும் கை கூப்பும் படம் போட்டார்கள். எங்கள் புது மேனேஜர் பார்த்திபன் கட்டைவிரல் போட்டார்.

பார்த்திபன் அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு நாலு ஏரியாவைப் பார்ப்பவர். வாரத்துக்கு ஒரு நாள் இங்கே வந்து ஏசியைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார். ராபின் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மீஞ்சூர் பக்கம் யாரோ கான்ட்ராக்ட் ஆள் என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு ராபின் என்ன சொன்னாலும் அவருடைய கட்டைவிரல்தான் முதலில் வரும்.

ஆளைக் குறைத்ததும் புகார் பெருகியது. ஒரு தொழிற்சாலை எங்கள் லைனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம்தான் கம்பெனிக்கு ஞானோதயம். பொங்கல் முடிந்ததும் 'இளைஞர்களே வாருங்கள்' என்று விளம்பரம் போட்டு, காக்களூரில் ஒரு ஹாலைப் பிடித்து இன்டர்வியூ நடத்தினார்கள். வேலையே இல்லை என்று அனுப்பிய அதே வேலைக்கு! எனக்கு வந்த கோபத்துக்கு அன்று ஸ்டோர்சில் ஒரு கேபிள் சுருளை எட்டி உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அப்படி வந்தவள்தான் பூமிகா. காக்களூர்ப் பெண், கல்லூரி முடித்த கையோடு வந்தாள். கும்மிடிப்பூண்டியில் பெண்கள் விடுதியில் தங்கினாள். ஈஸ்வரி அவளைக் குரூப்பில் சேர்த்தாள். வந்த மூன்றாம் நாளே தனியாகத் தச்சூர் கூட்டுரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளோ லாரிச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, எந்தப் பெட்டியைத் திறப்பது என்று குரூப்பில் கேட்டாள். ராபின்தான் பதில் சொன்னார். பதறாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அன்றிலிருந்து அவளுக்கு ராபின் சார்தான் எல்லாம். காலையில், இன்று இன்ன இடத்துக்குப் போகிறேன் சார் என்று எழுதுவாள். லைனை நிறுத்தி வேலை பார்க்கட்டுமா என்று அனுமதி கேட்பாள். ஷிப்டு மாறும் நேரத்தில் நிறுத்து, அப்போதுதான் தொழிற்சாலைக்காரன் கத்தமாட்டான் என்று அவர் சொல்வார். குரல் பதிவில் பின்னால் டொம் டொம்மென்று கேன் இறங்கும் சத்தம் கேட்கும். சார் எப்பவுமே சைட்டுலதான் இருக்காரு என்று பூமிகா எங்களிடம் பெருமையாகச் சொல்வாள். நான் ஈஸ்வரி முகத்தைப் பார்ப்பேன். அவள் பிரிண்டரைப் பார்ப்பாள்.

சொல்லிவிடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். சொன்னால், வேலையில் இல்லாத ஆளைக் குரூப்பில் வைத்திருந்த குற்றம் அவள் தலையில் விழும். கம்பெனி லைன் எங்கே போகிறது என்பதெல்லாம் வெளியாள் பார்க்கக் கூடாத விஷயம். ஜூன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம் என்றால், தினமும் நாலு பேருக்கு உதவி செய்கிற மனிதரை நாலு பேர் பார்க்க எப்படி எடுப்பாள்? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

ஏப்ரல் கடைசியில் பார்த்திபன் புது ஆட்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். இவ்வளவு சீக்கிரம் எப்படி வேலை பழகினாய் என்று பூமிகாவைக் கேட்டார். ராபின் சார் கற்றுக்கொடுத்தார் என்றாள் அவள். பார்த்திபனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஹெச்.ஆர். வருகிறார், அவர் கையாலேயே ராபினுக்குச் சால்வை போட்டு ஷீல்டு கொடுத்துவிடலாம், சிறந்த வழிகாட்டி என்று பெயர் பொறித்து வாங்கி வையுங்கள் என்று ஈஸ்வரியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேலையை விட்டு அனுப்பிய ஆளுக்கு அதே கம்பெனி சால்வை போடப்போகிறது. நான் ஸ்டோர்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஈஸ்வரி வந்து எதிரில் உட்கார்ந்தாள், அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. போனை மேசைமேல் வைத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, ராபினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் கேன் இறங்கும் சத்தம் நின்றது. அப்புறம் ராபின் கேட்டார்.

"நான் கம்பெனிலயே இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதா ஈஸ்வரி?"

"தெரியாது சார். நான் சொல்லல."

"என்னை நீ ஏன் எடுக்கல?"

"மனசு வர்ல சார்."

"டெய்லி காலைல எய்ந்ததும் அதைத்தான் பார்ப்பேன். இன்னிக்கி எடுத்துருப்பாங்கன்னு நெனச்சிக்கினே தொறப்பேன். எடுத்துருக்கமாட்டாங்க. சரி, இன்னும் இருக்கோம்னு வண்டிய எடுத்துக்கினு கெளம்பிடுவேன். வேலை போச்சின்றதே எனக்குப் பாதிதான் ஒறைச்சிச்சி, உன்னாலதான்."

கண்டிப்பாக வருவதாகவும், வந்து தானாகவே ஒட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிடுவதாகவும், ஈஸ்வரி பெயரை இழுக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். சுருள் எண்ணும் சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

விழா நாளன்று பார்த்திபன் சீக்கிரமே வந்துவிட்டார். ஹெச்.ஆர். வருவதற்குள் ஈஸ்வரி அவர் அறைக்குப் போனாள். ராபின் அவமானப்பட்டு நிற்பதை அவள் விரும்பவில்லை. ஷீல்டைக் கொண்டுபோய் வைக்கும் சாக்கில் நானும் கூடவே போய் நின்றேன். அவள் முழுக்கச் சொன்னாள். பார்த்திபன் முதலில் சிரித்தார், விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் போனை எடுத்துக் குரூப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு ராபினுக்குக் கீழேயும் அவருடைய கட்டைவிரல் இருந்தது. ஏசியைக் கூட்டச் சொன்னார்.

இப்போதே எடுத்துவிடு, ராபின் லீவு என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன் என்பது அவருடைய யோசனை. அவள் போனைத் தொடாமல் நிற்கவும், குரலைத் தணித்துச் சொன்னார்.

"ஜூன்ல உங்க ரினியூவல் என் கைலதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்கங்க."

"அவர வரச்சொல்லிட்டேன் சார். தச்சூர் தாண்டிட்டாரு" என்றாள் ஈஸ்வரி.

ராபின் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். தண்ணீர் வண்டியிலேயே வந்ததால் கால்சட்டை ஓரம் ஈரமாக இருந்தது. பூமிகா வாசல் வரை ஓடிப்போய் அழைத்து வந்தாள். அதுவரை அவரை நேரில் பார்த்ததில்லை அவள். சென்னையிலிருந்து வந்த ஹெச்.ஆர். பெயர் மோனிகா. சின்ன வயதுதான். புது இன்ஜினியர்களைப் பாராட்டிக் கொஞ்சம் பேசிவிட்டு, வழிகாட்டியை மேடைக்கு அழைத்தார். மேடை என்ன மேடை, நாலு நாற்காலியைத் தள்ளிய இடம். பார்த்திபனுக்கு அதைத் தடுக்கவும் தைரியமில்லை, கை தட்டவும் தைரியமில்லை.

மோனிகா சால்வையைப் பிரித்தார். ராபின் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரு நிமிசம் மேடம். நான் இங்க வேலை செய்யல. போன வருசம் மார்ச்ல என்னை அனுப்புனது நீங்கதான். கேமரா ஆஃப்ல இருந்துச்சி, மூஞ்சி தெரியல. குரல் நல்லா ஞாபகம் இருக்குது."

மோனிகா கையிலிருந்த சால்வை அப்படியே பாதியில் நின்றது. நீங்கள் எப்படி இன்னும் குரூப்பில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். தப்பு தன்னுடையது, தானாகவே போயிருக்க வேண்டும் என்றார் ராபின். பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஈஸ்வரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் எங்கள் ஆபீசில் இருந்திருப்பாள். அவள் எழுந்தாள்.

"இல்ல மேடம். எடுக்கச் சொன்னாங்க, நான்தான் எடுக்கல. எங்க நைனா பூட்டப்போ ரேஷன் கார்டுல பேர எடுத்தேன். உசுரோட இருக்கறவரு பேர எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரில மேடம்."

பூமிகா ராபினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்த சால்வையைத் திரும்ப மடிப்பது மோனிகாவுக்குச் சங்கடமாக இருந்ததோ என்னவோ, அதை ராபின் தோளிலேயே போட்டுவிட்டார். ஷீல்டையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, விதி விதிதான், வெளியாள் குரூப்பில் இருக்கக் கூடாது, இப்போதே எடுத்துவிடுங்கள் என்றார். நல்லவர்தான். நல்லவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

ஈஸ்வரி போனை எடுத்தாள். குரூப்பைத் திறந்தாள்.

"நீ அழுத்தாத ஈஸ்வரி. நானே வெளிய வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, சால்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ராபின் தன் போனில் அழுத்தினார். ராபின் வெளியேறினார் என்ற வரி அவள் போனில் மட்டும் வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டு இடங்கள் இன்னும் காலியாக இருந்தன. விருப்பமிருந்தால் புது ஆள் மாதிரி மனுப் போடலாம் என்று மோனிகாவே ராபினிடம் சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன், நானாக இருந்தால் ஷீல்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள். போட்டார். காக்களூரில் பையன்களோடு வரிசையில் உட்கார்ந்தார். இந்தக் கம்பெனியில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்களாம். பழகிய இடம் என்று சொன்னாராம். முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்தில், பூமிகாவுக்கு அடுத்த இடத்தில், ஜூன் மாதம் சேர்ந்தார். அவள் இன்றைக்கும் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அதே ஜூனில் ஈஸ்வரியின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. செலவுக் குறைப்பு என்று பார்த்திபன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் குரூப்பில் போட்ட கட்டைவிரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை, அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். கடைசி நாளில் ராபினைக் குரூப்பில் சேர்த்தாள். குரூப்புக்கு ஒரு அட்மின் வேண்டுமே என்று என்னை அட்மின் ஆக்கினாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஆளை எடுக்கும் பொத்தானைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மதியம் எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்புராஜ் வண்டியில் ஏறி எளாவூருக்குப் போய்விட்டாள். இப்போது அங்கே ஒரு தனியார் பள்ளி ஆபீசில் இருக்கிறாள். சம்பளம் கொஞ்சம் கம்மி, பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆறுதல் என்கிறாள்.

மறுநாளே பார்த்திபன் என்னைக் கூப்பிட்டு, ஈஸ்வரியைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். சரி சார் என்றேன்.

ஆடி பிறந்து ஒரு பெரிய காற்றடித்தது. மறுநாள் காலையில் குரூப்பில் ஈஸ்வரியிடமிருந்து சேதி வந்தது. எளாவூரில் ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லை, டவர் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும், சீக்கிரம் டீசல் அனுப்புங்கள் என்று. ராபின் டீசல் வண்டியை அனுப்பினார். பார்த்திபன் கட்டைவிரல் போட்டார்.

போட்ட பிறகு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை வந்தபோது ஸ்டோர்ஸ் வாசலில் நின்று, இன்னும் எடுக்கவில்லையா என்று கேட்டார். எனக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது சார், ஈஸ்வரி சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கும் அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட் வருகிறது, எடுக்க வேண்டுமானால் என்னையும் சேர்த்து எவனாவது எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை அவள் இருப்பாள்.